இடது காலின் மீட்டர்

முப்பத்திரண்டு வருடம் மின்சார மீட்டர்களைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. "மீட்டர் ஜாஸ்தி ஓடுது சார்" என்று என்னிடம் வந்து நிற்காத ஆளே தாம்பரத்தில் கிடையாது. மீட்டரைக் கழற்றி வந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் சரியாத்தான் ஓடுது, உங்க வீட்டு ஏசிதான் ஜாஸ்தி ஓடுது" என்று சொல்லி அனுப்புவேன். அதைச் சொல்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

ஓய்வு பெற்ற அடுத்த வருடமே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, கையும் ஓரளவு திரும்பியது. கால்தான் வீம்பு பிடித்தது. மனைவி பள்ளி ஆசிரியை. இருந்த விடுப்பையெல்லாம் எனக்காக எடுத்துத் தீர்த்துவிட்டாள். ஆள் வைத்தும் பார்த்தோம். வந்த இரண்டு பேரையும் நானே விரட்டிவிட்டேன். அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை அவள் போயே ஆகவேண்டும், இல்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை பதினெட்டு அடி, யாரும் பிடிக்காமல் நான் போய்வர வேண்டும்.

வீட்டில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். வலது கையில் நாலுகால் தடி. இடுப்பில் அகலமான பெல்ட், அதன் பின்பக்கக் கைப்பிடி மனைவியின் கையில். சிட்லபாக்கம் வீட்டு ஹாலில் ஒரு நாளைக்கு எட்டுச் சுற்று. ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் போய்வந்த பிசியோதெரபி சென்டரில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அங்கிருந்த பிசியோ பெண் ஒரு ஜோடி ஷூவை எடுத்துவந்தாள். உள்ளே பாதம் படும் இடத்தில் சென்சார். எந்தக் கால் எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பதிவாகுமாம். பெல்ட்டின் கைப்பிடியிலும் ஒன்றை மாட்டினாள், பிடிப்பவர் எவ்வளவு தூக்குகிறார் என்று பார்க்க. மூன்று நாள் இதோடு நடந்துவிட்டு வரச் சொன்னாள்.

கல்யாணமான நாளிலிருந்து செருப்பை வாசலைத் தாண்டி உள்ளே விடாதவள் என் மனைவி. ஷூவின் அடிப்பாகத்தைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்தாள். பிறகு ஹாலில் உட்கார்ந்து என் காலில் மாட்டிவிட்டாள்.

நான்காம் நாள் மனைவியோடு போனபோது பிசியோ பெண் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், நீங்க நடக்கல. மேடம்தான் உங்களத் தூக்கிட்டுப் போறாங்க."

திரையில் வலது காலுக்கு உயரமான கோடுகள். இடது காலுக்குத் தரையோடு தரையாக ஒன்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க மிஷின்ல ஏதோ கோளாறு. முதல்ல அத செக் பண்ணுங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எத்தனை பேர் இதே பேச்சோடு என் மேஜைக்கு எதிரே நின்றிருக்கிறார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

அவள் என்னைப் போல நக்கல் செய்யவில்லை. பெல்ட்டைத் தானே பிடித்துக்கொண்டு என்னை நடக்கவிட்டாள். பிடித்தது இரண்டே விரலால்தான். இடது காலின் கோடு மெல்ல எழுந்தது. கால் தாங்கத்தான் செய்தது. மனைவி பிடிக்கும்போது அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

"மேடம், கொஞ்சம் லூசா பிடிங்க. சார் கால் தாங்குது."

"எனக்கு வரலம்மா" என்றாள் மனைவி. "பிடிச்சாலே கை தானா இறுகிடுது. அன்னிக்கு இவரு விழுந்தப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன். ரெண்டு மணி நேரம் தரையிலயே கெடந்திருக்காரு. நான் சாயங்காலம் வந்துதான் பாத்தேன்."

இந்தப் பயத்தை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. விழுந்தது நான், அதனால் பயமும் எனக்குத்தான் என்று இருந்துவிட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

அன்றிலிருந்து அவள் பெல்ட்டைத் தொடக் கூடாது என்று பிசியோ பெண்ணின் உத்தரவு. நாலடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் ஆறு அடியில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடிவந்தாள், நான் கத்தினேன், இருவரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பதினெட்டு அடியையும் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவுடன் இன்னொரு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கேட்டருகே போய் மூன்று தடவை திரும்பி வந்தாள். "போம்மா, பஸ் போயிடும்" என்று அதட்டி அனுப்பினேன். பத்தரை மணிக்குக் கட்டிலிலிருந்து எழுந்தேன். சுவரைப் பிடிக்காமல், ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு போனேன். எண்ணிக்கொண்டே திரும்பி வந்தேன். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பள்ளியில் இடைவேளை.

"போனீங்களா?"

"போனேன். வந்துட்டேன்."

மறுபக்கம் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். போகவில்லை, விசும்பல் கேட்டது. நான் விழுந்த அன்று அழாதவள், ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் அழாதவள், ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டிருந்தாள். பெல் அடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.