கடுகெண்ணெய் வாடை

ஜெர்மனியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி மேல்மாடியில் இருக்கிறாள். இன்று இறங்கி வந்து கதவைத் தட்டினாள். நான் தாளிக்கிற வாடை மேலே வருகிறதாம். நிறுத்து, இல்லாவிட்டால் காலி செய் என்றாள். எனக்குச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் அப்பா கட்டிய லைன் வீடுதான் ஞாபகம் வந்தது.

கார் கம்பெனிக்கு நிலத்தை விற்றுக் கட்டிய பத்து அறைகள், மேலே தகரம். குடிவந்தவர்கள் ஒடிசாக்காரர்கள். அவர்கள் கடுகெண்ணெயைக் காய்ச்சினால் நமக்குக் கண் எரியும். சாயங்காலமானால் அப்பா என்னை ஏவுவார்.

"பாப்பா, எந்த ரூம்ல அந்த எண்ணெய ஊத்துறானுங்கோன்னு மோந்து பாத்துட்டு வா."

நாய் மாதிரி கதவுகதவாக மோந்துவிட்டு வந்து சொல்வேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் ரபியின் அறையைக் காட்டிக்கொடுத்தேன். அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி.

"எண்ணெய வுடு, இல்லன்னா ரூம வுடு" என்றார் அப்பா.

"வேற எண்ணெய் அவ சாப்பிடாது அண்ணா. வாந்தி வருது" என்றான் ரபி.

மறுநாள் காலை பாயும் பாத்திரமுமாக இருவரும் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்கள்.

இன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். வீட்டுக்காரி சொன்னதைச் சொன்னதும் கொதித்தார்.

"நம்ம சோத்த சொல்ல அவ இன்னா பெரிய இவளா? மன்சங்களா அதுங்கோ?"

கேட்கவே அருவருப்பாக இருந்தது. "ரபிய நீ இன்னா பண்ண?" என்றேன்.

"அவனுங்கோ பொழைக்க வந்தவனுங்கம்மா."

போனை வைத்தேன். மாடிக்குப் போய், இனி தாளிக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். ரபிக்கு இருந்த ரோஷத்தில் கால்வாசி எனக்கில்லை.