நல்லூர்த் திருவிழாவும் மருமகனின் மாட்டுப் பண்ணையும்

என்ரை மகள் வதனியின் வீட்டுக்கு எட்டு வருசமாக நான் போகவில்லை. அவள் கட்டினது ஒரு வெள்ளைக்காரப் பெடியனை. இறைச்சிக்கு மாடு வளர்த்து விற்கிற குடும்பம். அதுக்காக எனக்குக் கோவமில்லை. கலியாண விருந்தில் சம்பந்தி மார்கரெட் நீலத் தொப்பியோடு வந்து, என்ரை சைவச் சோத்துக்கு மேலே மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றினா. "குழம்புதானே, இறைச்சி இல்லையே" என்றா. அந்தக் கரண்டி இன்னும் என்ரை கண்ணுக்குள் நிக்குது.

போன ஜூலையில் வதனி, "அம்மா, வந்து பாருங்கோ. அடுத்த வருசம் பண்ணை இருக்குமோ தெரியாது" என்றாள். முந்தின கோடையில் மழையில்லை. வைக்கோலை விலைக்கு வாங்கி நொடிஞ்சு போனவை. இந்த முறை இறைச்சியும் தேங்கினால் பண்ணையை விற்கவேண்டியதுதான். அதனால் வெளிக்கிட்டேன்.

ஸ்காபரோவில் நாங்கள் இருக்கிற மோர்னிங்சைட்டில் காலை எட்டரைக்குக் கார் எடுத்து, ஒஷாவா தாண்டி வடக்காலை திரும்பினால் பத்து மணிக்குப் பண்ணை. நூற்றுப்பத்து கிலோமீற்றர். கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டுச் சிவம். அவனும் அங்கே கால் மாடு, ஒரு மாட்டு இறைச்சியில் நாலில் ஒரு பங்கு, சொல்லி வைத்திருக்கிறான். "அன்ரி சைவம், நான் மாடு. ஒரே காரிலை போறம் பாத்தியளே" என்று பகிடி விட்டான்.

"நீ றோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன்.

மருமகன் புல்வெளியைக் காட்டினான். தானியம் குடுக்கிறதில்லை, புல்லு மட்டும்தான். ஒவ்வொரு நாளும் மின்சாரக் கம்பி வேலியை நகர்த்தி மாடுகளைப் புதுப்புல்லுக்கு மாத்துகினம். இந்த முறை வெட்டுக்குப் போறது ஒன்பது நாம்பன், இளம் ஆண் மாடுகள். அதிலை ஒன்று, நெற்றியில் வெள்ளை, என்ரை சீலைத் தலைப்பை நக்கிச்சுது.

இறைச்சி எப்ப எடுக்கலாம் என்று சிவம் கேட்டான். வதனி ஓகஸ்டில் ஒரு நாளைச் சொன்னாள். நான் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். அது ஊரிலை நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு நடுவில் வருகிற நாள். மாடு தின்னுகிற சைவ சமயத்தவரும் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் மாமிசம் தொடமாட்டினம். வாங்குகிறது முக்கால்வாசியும் ஸ்காபரோத் தமிழர். ஃபோனிலை எல்லாரும் ஓம் ஓம் என்றவை, ஒருத்தரும் கலண்டர் பார்க்கவில்லை. பண்ணையிலோ ஒரு சின்ன ஃப்ரீசர், ஒன்பது மாட்டு இறைச்சியும் கொள்ளாது.

மாடு வெட்ட நான் ஏன் நாள் பார்க்கவேணும் என்று முதலில் நினைச்சேன். பிறகு வதனியின் முகத்தைப் பார்த்தேன். திருவிழா வருகிறதைச் சொன்னேன்.

"ஐயோ, ஓமன்ரி. என்ரை மனிசி இறைச்சியை அடுப்படிக்குள்ளையே விடாள்" என்றான் சிவம்.

வதனி இங்கிலீசில் விளங்கப்படுத்த, மார்கரெட் உடனே வெட்டுற இடத்துக்கு ஃபோன் எடுத்தா. கன நேரம் மல்லுக்கட்டிச் செப்டம்பர் கடைசிக்கு நாளை மாத்தினா. "நல்லதுதான், இன்னும் புல்லுத் தின்று கொழுக்கும்" என்றான் மருமகன்.

மத்தியானம் மார்கரெட் எனக்குப் பருப்பும் சோறும் சமைச்சு வைத்தா. "புதுச் சட்டியாம் அம்மா, இறைச்சி படேல்லையாம்" என்றாள் வதனி. கைபிடியில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பருப்பில் உப்பில்லை. இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனாலும் கலியாணத்து நீலத் தொப்பியை மறக்கவில்லை.

இனி அந்தப் பண்ணைக்கு இறைச்சி எடுக்கப் போகிற ஆக்கள் பூட்ஸ் போடுங்கோ, சேறு. குளிர்ப்பெட்டி கொண்டு போங்கோ. எலும்போடு கறித்துண்டாக வெட்டவேணும் என்று முன்னமே சொல்லுங்கோ, இல்லாட்டில் எல்லாம் ஸ்டேக் என்ற பெரிய தட்டைத் துண்டாகத்தான் வரும். நாள் குறிக்க முன்னம் கோயில் கலண்டரைப் பாருங்கோ.

செப்டம்பர் முடிய வதனி ஃபோன் எடுத்தாள். ஒரு துண்டும் மிஞ்சவில்லையாம், வாற வருசத்துக்குக் கன்றும் வாங்கியாச்சாம். சந்தோசம் என்றேன். நெற்றியில் வெள்ளை உள்ள அந்த நாம்பனைப் பற்றி நான் கேட்கவில்லை. அதுக்கு என்னாலை இன்னும் ஒரு மாசப் புல்லுக் கிடைச்சது.