முட்டிக்கு அடியில் தலையணை

மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம்கூட கன்னியம்மா சிஸ்டரிடம் கேட்டுத்தான் சக்கரத்தை மடக்குகிறது. இரும்புலியூர் தொடங்கி பொழிச்சலூர் வரை அவர் உத்தரவில்லாமல் ஒரு முழங்கால் நீளாது, மடங்காது. நம்பாதவர்கள் தாம்பரம் ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்று வார்டுக்கு வந்து பார்க்கலாம். இரண்டாம் மாடி. லிப்ட் ஓடாது, முட்டி பத்திரம்.

வார்டுக்குள் வந்ததும் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. போர்வைக்குள் கையை விட்டு முட்டிக்கு அடியில் துழாவுவார். தலையணை சிக்கினால் உருவிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். மதியத்துக்குள் சிம்மாசனம் ரெடி. கால் தரைக்கு எட்டாது.

நோயாளிகளின் பெயர் அவருக்குத் தேவையில்லை. "இன்னா வலது முட்டி, துன்னியா?" என்பார். ரிட்டயர்டு தாசில்தார் தோத்தாத்ரி மட்டும் 'ரெண்டு முட்டி சார்'. இரண்டும் மாற்றியவருக்குத்தான் அந்த மரியாதை. செல்போனில் யாராவது மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைத்து, "முட்டி நல்லா கீதா?" என்றுதான் ஆரம்பிப்பார். டீ கிளாஸில் உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்ளாமல் யார் காலையும் தொடமாட்டார்.

பொழிச்சலூரில் மரக்கடை வைத்திருக்கும் என் அத்தா அமீருதீன் இங்கே 'எடது முட்டி பாய்'. ஆபரேஷன் ஆனதிலிருந்து, "டேய் சாஜித், தலகாணி வைடா, உயிர் போவுது" என்று ஒரே முனகல்.

"மடக்கி வச்சா சொகமாத்தான் கீது பாய்," என்பார் கன்னியம்மா. "அப்டியே நின்னுக்கும். அப்பால ஆயுசுக்கும் விந்தி விந்தித்தான் நடப்ப. ஒன் பலக அடுக்கு மேல யாரு ஏறுவா, நானா?"

அவர் செருப்பு நடக்கும்போது கீச் கீச்சென்று கத்தும். அது கிட்டே வந்தால் தலையணையை உருவுவேன், தூரப்போனால் செருகுவேன். துழாவிய கை வெறுமையாக வரும். "நல்ல பாய்" என்று பாராட்டு வேறு. ஆனால் கால் மட்டும் நீளவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கன்னியம்மா என்னை ஒருதரம் பார்த்தார்.

நேற்று சாயங்காலம் கீச் கீச் வராண்டாக் கோடிக்குப் போனது. தலையணையைச் செருகினேன். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், வெறுங்காலோடு கன்னியம்மா. கோடியில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆயா பச்சையம்மா உலாத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தா மேல அவ்ளோ பாசமா?"

திட்டவில்லை. தலையணையை உருவி அத்தாவின் குதிகாலுக்கு அடியில் வைத்தார். என் கையைப் பிடித்து முட்டிக்கு அடியில் மல்லாக்க வைத்தார். டீ கிளாஸ் சூடு இன்னும் அந்த விரல்களில் இருந்தது.

"பாய், ஒம் புள்ள கைய நசுக்கு. இத்தினி நாளு என்னிய ஏமாத்திகினு இருந்தான்."

அத்தா பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார்.

"நசுங்கல சிஸ்டர்," என்றேன்.

"அப்ப இன்னும் நீளல. நசுங்கற வரிக்கும் எடுக்காத."

பச்சையம்மா கொண்டுவந்த செருப்பை வாங்கி எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு, சத்தமே இல்லாமல், 'ரெண்டு முட்டி சார்' பக்கம் நடந்தார். தோத்தாத்ரி அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.