குருவம்மாளின் கால் பெருவிரல்

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் குருவம்மாளுக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை, புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பது. மருந்து அடைக்கும் ரூமுக்குள் செருப்புப் போடக் கூடாது. உராய்ந்து ஒரு பொறி கிளம்பினால் போதும். சத்தம் கேட்டால் யோசிக்காமல் வெளியே ஓட வேண்டும். ஓட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று குருவம்மாளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமே உண்டு.

2006 தீபாவளி சீசனில் அவளுடைய வலது கால் பெருவிரல் நகம் ஓரத்தில் சதைக்குள் இறங்கியது. வலித்த மூலையை பிளேடால் தோண்டி எடுத்தாள். நாலு நாள் சுகம். வளர்ந்த நகம் முன்னைவிட ஆழமாகக் குத்தியது. மறுபடியும் தோண்டினாள். விரல் வீங்கிச் சீழ் கோத்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டாமல் நடந்தாள். நொண்டுகிறவளை மருந்து ரூமில் வைத்திருக்க மாட்டார்கள், பெட்டி ஒட்ட அனுப்பிவிடுவார்கள். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

ஆவணியில் ஒருநாள் பக்கத்து ரூமில் டமாரென்று சத்தம். குருவம்மாள் எழுந்து பாய்ந்தாள். கால் ஊன்றவில்லை, வாசலிலேயே மடங்கி விழுந்தாள். பின்னால் ஓடிவந்த சண்முகத்தாய், கைப்பிள்ளைக்காரி, அவளைத் தாண்ட முடியாமல் அலறினாள்.

பக்கத்து ரூமில் விழுந்தது வெறும் தகர டின்தான்.

“என்னால நீ போயிருப்பியேடி!” என்று குருவம்மாள் சண்முகத்தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“நீங்க எந்திரிங்க மதினி, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

ஃபோர்மேன் சோலைமலை விரலைப் பார்த்து முகம் சுளித்தார். “புண்ணு ஆறாம இங்கன வராதீக. வந்தாலும் என் முன்னால ஓடிக் காட்டணும்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரல் மரத்துப்போக ஊசி போட்டு, குத்திய ஓரத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கட்டுப் போட்டார்.

“இனிமே மூலையைத் தோண்டாதீங்க, நகத்தை நேரா வெட்டுங்க. தோண்டித் தோண்டிப் புண்ணை நீங்களே வளத்துவிட்டிருக்கீங்க.”

குருவம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினாள், சொன்ன நாளில் போய்க் கட்டு மாற்றிக்கொண்டாள்.

நாலாவது வாரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரூம் வாசலிலிருந்து வேப்பமரம் வரை ஒரே ஓட்டமாக ஓடினாள். சண்முகத்தாய் கைதட்டினாள். குருவம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

“சரி, உள்ள போங்க,” என்றார் சோலைமலை.

“இருங்க அண்ணாச்சி. நீங்களுந்தான தினம் எத்தன அடைச்சோம்னு கணக்குக் கேக்க இந்த ரூமுக்குள்ள வந்து நிக்கீக? நீங்களும் ஓடிக் காட்டுங்க.”

அவர் தொப்பையைத் தடவிக்கொண்டு நழுவப் பார்த்தார். பெண்கள் விடவில்லை. ஓடினார், பாதி வழியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அன்றிலிருந்து சோலைமலை வாசலுக்கு வெளியே நின்றுதான் கணக்குக் கேட்கிறார்.