அம்மா உட்கார்ந்த மேடு

ஜேசிபியில் ஏற்றி உட்கார வைப்பதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். விடிந்ததும் விடியாததுமாக நான் ரெட்டைச்சடை போட்டு, ரிப்பன் கட்டித் தயாராகிவிட்டேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பதவி வேறென்ன இருந்துவிடப் போகிறது?

சுருளிப்பட்டிப் பக்கம், மலையடிவாரத்தில் சித்தப்பா புதிதாக வாங்கிய நிலம். திராட்சைப் பந்தல் போட வேண்டும். நடுவில் ஒரு மண்மேடு. அதைச் சுற்றி யாரோ வட்டம் பிடித்து வைத்ததுபோல் பெரிய பெரிய கற்கள். களையெடுக்க வரும் பெண்கள் அதை மிதிக்கமாட்டார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போவார்கள். சித்தப்பாவுக்கோ அது நாலு வரிசைக் கொடியை விழுங்குகிற இடம், அவ்வளவுதான்.

அம்மாவும் சோற்றுத் தூக்கோடு வந்திருந்தாள். பிரசவத்துக்குப் போனவள் கம்பம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தம்பிப் பாப்பா சாமியிடம் போய்விட்டான் என்றார் அப்பா. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

மேட்டை மட்டமாக்க வந்த ஜேசிபி முதல் கல்லைப் பெயர்த்ததும் மண்ணோடு ஒரு பானைச்சில் வந்து விழுந்தது. உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு.

"ஆத்தா, தாழி! அந்தக் காலத்து ஆளுகளப் பொதச்ச எடம்ல இது," என்று களையெடுக்கும் பெண் ஒருத்தி பதறினாள்.

எல்லாரும் விலகினார்கள். அம்மா மட்டும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மதினி, அது எந்தக் காலத்து ஆளோ! அங்குட்டு வாங்க," என்றார் சித்தப்பா.

"எந்தக் காலமா இருந்தா என்ன தம்பி? இம்புட்டுக் கல்ல உருட்டியாந்து அடையாளம் வச்சிட்டுப் போயிருக்காக."

சித்தப்பா கெஞ்சினார், பிறகு கத்தினார். வெயில் உச்சிக்கு வந்தும் அம்மா அசையவில்லை. கடைசியில் தலையைத் தூக்கிச் சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அவன் எங்கன இருக்கான்? அத மட்டும் சொல்லுங்க, எந்திரிச்சுப் போயிர்றேன்."

சித்தப்பா வண்டிக்காரரிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வண்டி என்னை ஏற்றாமலே திரும்பிப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வரைக்கும் அம்மாவின் கையைப் பிடிக்காமல் நடந்தேன்.

இன்றும் அந்த மேட்டை விட்டு ஒதுங்கித்தான் பந்தல் நிற்கிறது. எனக்கு மகள் பிறந்த பிறகுதான் அப்பா விஷயத்தைச் சொன்னார். பச்சைக் குழந்தையைப் புதைக்க எங்களில் பெண்கள் போவதில்லை, அடையாளம் வைப்பதும் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும்தான் ஆற்றோரம் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறார்கள். பிறகு நான் தூங்கிய இரவுகளில் அம்மா கேட்டுக் கேட்டு அழுதபோது, எந்த இடமென்று இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை.

அன்று அந்தக் கல்வட்டத்துக்கு வெளியே நின்று நானும் அழுதேன், ஜேசிபிக்காக.