பால் காத்திருக்காது

என் சித்தி பால் ஐஸ் செய்து விற்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. இரண்டு ஃப்ரீசர், ஒரு பெரிய அடுப்பு, சுவரோரமாகப் பால் பவுடர் மூட்டைகள். அந்த மூட்டைகள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருபவை. பவுடரை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் மானியம் கொடுத்துவந்ததால், எங்கள் பக்கத்துத் தெருவில் கறந்த பாலைவிட அது மலிவாகக் கிடைத்தது. சித்தியின் தொழில் அதில்தான் வளர்ந்தது. அவளுடைய அண்ணன், என் மாமா, நான்கு மாடு வைத்துப் பால் விற்றவர். அதே பவுடரால்தான் மூன்று மாடுகளை விற்றார். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இந்த வருடம் அந்த மானியத்தை நிறுத்திவிட்டார்கள். செய்தியில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். இங்கே மூட்டை விலை ஒரேயடியாக ஏறியது. ஐஸ் விலையை ஏற்றினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்க மாட்டார்கள். சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்வாள், எழுந்திருப்பாள், ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள்.

"ஏங்க, அண்ணன்கிட்ட பால் கேக்கட்டுமா?"

"இத்தனை வருஷம் கேக்காதவ இப்பக் கேட்டா மாடே சிரிக்கும்" என்றார் சித்தப்பா.

கேட்டாள். மாமா எதையும் சொல்லிக்காட்டாமல் காலையிலேயே கேனைக் கொண்டுவந்து வைத்தார். சித்தி வழக்கம்போல வீட்டு வேலைகளை முடித்துவிட்டு மத்தியானம் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் திரிந்துவிட்டது. பவுடர் மூட்டையில் எத்தனை நாளும் கிடக்கும்; அவள் பொழுதெல்லாம் அதற்கே பழகியிருந்தது. மறுநாளிலிருந்து விடியும் முன்பே அடுப்பு எரிந்தது. ஐஸ் நன்றாக வந்தது. ஆனால் ஒரு மாட்டுப் பால் பாதி ஃப்ரீசருக்குக்கூடப் போதவில்லை.

"இன்னொரு மாடு வாங்குங்கண்ணே."

மாமா கேனைக் கீழே வைத்தார். "வாங்குறேன். நாளைக்கே பவுடர் மலிஞ்சா நீ அந்தப் பக்கம் போயிடுவே. மாட்டை நான் உன் ஃப்ரீசர்லயா வைக்கிறது?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பவுடர் ஏஜெண்ட். "அக்கா, பழைய ஸ்டாக் பத்து மூட்டை இருக்கு. பழைய விலைக்கே தர்றேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க." அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது. பத்து மூட்டை இருந்தால் கோடை முழுவதும் கவலையில்லை. மாமா சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் பேசறேன் தம்பி" என்று வைத்துவிட்டாள். பிறகு, "சந்தைக்குப் போங்கண்ணே. பவுடரைச் சும்மா கொடுத்தாலும் உங்க பாலைத்தான் எடுப்பேன்."

"நிஜமாத்தானா?"

"ஐயோ, போங்களேன். நின்னு பேசினா மனசு மாறிடும்!"

மாமா போய்விட்டார். சித்தி போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் அதைச் சித்தப்பா மடியில் போட்டாள்.

"மாடு வர்ற வரைக்கும் இதை எங்கிட்ட கொடுக்காதீங்க. அழுதாலும் கொடுக்காதீங்க."

"அழுதா போட்டோ எடுத்து வைக்கறேன்."

போன் இரண்டு முறை அடித்தது. சித்தப்பா அதைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். சித்தி கழுவிய ஃப்ரீசரையே மறுபடி கழுவினாள். தெருவில் சின்னச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினாள்.

பொழுது சாயும் நேரத்தில் மாமா ஒரு கறுப்பு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். மாடு வாசலில் நின்று எங்களை முறைத்தது. போன் மூன்றாவது முறையாக அடித்தது. சித்தி ஈரக்கையை நீட்டி வாங்கினாள்.

"வேற யாருக்காவது கொடுத்துடுங்க தம்பி. இங்க ஆள் வந்தாச்சு."