பவுர்ணமி முடியட்டும் என்றேன்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எனக்கு ஒரு டீக்கடை. பவுர்ணமி அன்றுதான் வியாபாரமே.

அப்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம். கிராம நர்ஸ் வீட்டுக்கு வந்து, டேப் வைத்து வயிற்றை அளந்தார். "மாசத்துக்கேத்த வளர்த்தி இல்ல. உடனே ஸ்கேன் எடுத்துடுங்க. அசைவு கம்மியானா ஒரு நிமிஷம்கூட வீட்ல இருக்காதீங்க" என்றார்.

நான் சிரித்தேன். "எங்க வீட்ல எல்லாருமே சின்ன உருவம்தாங்க. குழந்தை சின்னதா இருந்தா சுகப்பிரசவம்தானே? பவுர்ணமி முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

பவுர்ணமி அன்று காலை அவள் கடைக்கே வந்து நின்றாள். "நேத்துலருந்து அசைவு கம்மியா இருக்குங்க."

கடை முன்னால் கூட்டம். "பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. நாளைக்குப் போலாம், போய்ப் படு" என்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். கடையை விட மனசில்லை.

மறுநாள் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

"நேத்தே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார்.

பெண் குழந்தை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டாள். சின்னதாக இருந்தால் நல்லது என்று சொன்ன வாய் இது.

மனைவி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பவுர்ணமிதோறும் அடுப்பைப் பற்றவைக்கும்போது எனக்கே உறைக்கும். அன்று டீ கேட்டு வந்த ஒருத்தரைக்கூட நான் காக்கவைக்கவில்லை. அவளை மட்டும்தான் காக்கவைத்தேன்.